தேர்வுச் செடிக்குத் தீர்த்தம்

ஜனவரி 12
வகுப்பில் ஆளுக்கொரு ரோஜாக் கன்று கொடுத்தார்கள். வீட்டில் வைத்து வளர்த்து, ஏப்ரலில் தேர்வாளர் முன்னிலையில் தொட்டியைக் கவிழ்த்து வேரைக் காட்ட வேண்டும். மணமானபோது நான் பாதியில் விட்ட தோட்டக்கலைப் பட்டயத்தில் எஞ்சியிருப்பது இந்த ஒரு தாள்தான். பாதி வாழ்நாள் நாற்றுப்பண்ணை நடத்தியவளுக்குக் கன்று வளர்க்கக் கற்பிக்கிறாள், என் கடைசி மகளைவிட இளைய ஆசிரியை. உடன் படிப்போர் கையுறையோடு மண்ணைத் தொடுகிறார்கள். மண்புழுவைக் கண்டால் படம் பிடிக்கிறார்கள்.

ஜனவரி 13
கன்றைப் பூசையறைச் சன்னலில் வைத்தேன். நாள்தோறும் பதிகம் கேட்டு வளரட்டும்.
"பரீட்சையில பாட்டும் உண்டா?" என்றார் கணவர்.
நாவடக்கமும் ஒரு நோன்பு.

பிப்ரவரி 2
புதுத் தளிர். இறையருள். ஆசிரியை அதை "நைட்ரஜன்" என்கிறாள்.

பிப்ரவரி 20
இலைகள் மஞ்சளிக்கின்றன. அண்டை வீட்டுக்காரியின் கண்ணாகத்தான் இருக்க வேண்டும். "இந்த வயசுல படிச்சு என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று நேற்றுக் கேட்டபோது, அவள் பார்வை செடியின் மேலேயே இருந்தது.

மார்ச் 3
கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி அதிகமாப் போகுதோம்மா?" என்றாள் ஆசிரியை. வாரம் இருமுறை, அளந்து ஊற்றுகிறேன். அதற்குமேல் ஒரு துளி இல்லை. நான் செடிக்கு நீர் வார்க்கப் பழகிய காலத்தில் இவள் அன்னையே பிறந்திருக்க மாட்டாள்.

மார்ச் 27
தீபம் காட்டி முடித்து, வழக்கம்போல் பூசைச் செம்பின் நீரைக் கன்றின் வேரில் சேர்த்தேன். கணவர் வாசலில் நின்றிருந்தார்.
"அது என்ன?"
"தீர்த்தம்."
"தண்ணி இல்லையா?"
"தண்ணி இல்லைங்க. தீர்த்தம்."
"சாயந்திரமும் ஊத்துறியா?"
"ரெண்டு வேளை பூசைன்னா ரெண்டு வேளையும்தானே..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.
அருளை நான் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேருக்கோ அந்தப் பேதம் தெரியவில்லை. எத்தனை செடி வளர்த்தவ நான் — எப்படி இது தோணாமப் போச்சு?

ஏப்ரல் 9
தொட்டி கவிழ்ந்தது. வேர் கறுத்துக் குழைந்திருந்தது. அழுகல் நாற்றம் கூடத்தை நிறைத்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் செடியைப் பார்க்காமல் என் நரையைப் பார்த்தார்.
"பெரியவங்க. பாஸ் போட்டுடலாமே."
"வயசுக்கு மார்க்குன்னா செடி எதுக்கு சார்?" என்றாள் ஆசிரியை.
தேறவில்லை. வீடு வந்ததும் அவளை மனமாரச் சபித்தேன். வெண்பாவில். ஓரிடத்திலும் தளை தட்டவில்லை.

ஜூன் 2
மீண்டும் சேரப் போனேன். அந்தத் தேர்வாளர் இவ்வாண்டு இங்கேயே ஒரு பிரிவு நடத்துகிறாராம். "அவர் பிரிவுல போட்டுடட்டுமாம்மா? உங்களுக்குச் சுலபமா இருக்கும்" என்றார் எழுத்தர், மிகுந்த கரிசனத்தோடு.
அந்த ஆசிரியைப் பெண்ணின் பிரிவைச் சொன்னேன். காதில் சரியாக விழவில்லை என்று எண்ணி மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.