கண்ணாடி போட்ட ஓனி

அன்புள்ள தொஷியுகிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் மூச்சோடும் பேச்சோடும் இருக்கிறோம், நீயும் அந்த வியட்நாம் ஹாய்போங் புழுக்கத்தில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதலாம் என்றால் என் இடுப்பு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. இந்த வருஷம் ஷின்ஜோவில் பனி கொட்டோ கொட்டு என்று கொட்டுகிறது, காலையில் வாசலை வாரிப் போட்டுவிட்டு உள்ளே வந்து டீயை வாயில் வைப்பதற்குள் கூரையில் இருந்தது சரிந்து மறுபடியும் வாசலை அடைத்துவிடுகிறது. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மகள் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறாள், ஐந்து வயசுக்கு மிஹோவுக்குப் பாம்புச் செவி. என் கையெழுத்து உனக்கே பாதிதான் புரியும், அவளுக்கு எங்கே புரியப் போகிறது. அதனால் பொறுமையாகக் கடைசி வரை படி.

கம்பெனியில் உன்னை இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்களாமே, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாமே, சயாகா சொன்னாள். மிஹோ போனில் முகம் காட்டக்கூட வருவதில்லை, அவளுக்கு நான் இல்லாமலே பழகிவிட்டது, எங்கே இருந்தால் என்ன, சரி என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாயாம். உன் பெண்டாட்டி இதைச் சொல்லும்போது அழவில்லை, முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே சொன்னாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதியோர் இல்லத்தில் நாளெல்லாம் கிழவர்களைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு கிழவன். அவளுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் நீ பதில் சொல்வதற்கு முன்னால் இந்த மாதம் மூன்றாம் தேதி இங்கே நடந்தது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மிஹோவின் பாலர் பள்ளியில் மாதத்துக்கு ஒரு பண்டிகை, பண்டிகைக்கு ஒரு கைவேலை. புத்தாண்டுக்குப் பட்டம் ஒட்டினோம், அது பறக்கவில்லை, நான்தான் ஓடி ஓடி மூச்சு வாங்கினேன். அந்தப் பசை இன்னும் மேஜையை விட்டுப் போகவில்லை, அதற்குள் பேய் விரட்டும் நாள் வந்துவிட்டது, கொம்பு வைத்த அந்த ஓனிப் பேயின் முகமூடி செய்யப் பெரிய காகிதப் பை கொண்டு வரச் சொன்னார்கள். சயாகாவுக்கு நேரமில்லை, நான்தான் பையும் நூல்கண்டும் அட்டைக் குழலும் தேடிக் கொடுத்தேன். முகமூடி செய்து முடித்த அன்று மிஹோவை அழைத்துவரப் போனபோது நொனாகா டீச்சர் சிரித்துக்கொண்டே முகமூடியைக் காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் சிவப்பு முகமும் கோரைப் பல்லுமா வரைஞ்சிருக்காங்க தாத்தா, உங்க மிஹோ ஓனிக்குக் கண்ணாடி போட்டு விட்டிருக்கா, கிட்டப்பார்வை ஓனியாம் என்றார். பார்த்தேன், கட்டைவிரல் அளவுக்கு இரண்டு கொம்பு, மூடிய வாய், வட்டக் கண்ணாடி. நானும் டீச்சரோடு சேர்ந்து பல்லைக் காட்டினேன். எழுபது வயசாகியும் புத்தி வரவில்லை எனக்கு.

மூன்றாம் தேதி சயாகா வேலையிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். வழக்கம்போல ஓட்டோடு நிலக்கடலை வாங்கி வைத்திருந்தேன். ஒசாகாக்காரிக்கு இது இன்னும் வேடிக்கைதான், எங்க ஊர்ல சோயாவைத்தான் எறிவோம், இதென்ன மாமா, பேயை விரட்டறீங்களா இல்ல விருந்துக்குக் கூப்பிடறீங்களா என்று வருஷா வருஷம் கேட்கிறாள், பனியில் விழுந்த சோயாவை உன் அப்பனா பொறுக்குவான், கடலை என்றால் எடுத்து உரித்துத் தின்னலாம் என்று நானும் வருஷா வருஷம் சொல்கிறேன். அவள் ஊர் வழக்கத்துக்கு நீளச் சோற்றுச் சுருளும் செய்திருந்தாள், நல்ல திசையைப் பார்த்து வாய் பேசாமல் ஒரே மூச்சில் தின்ன வேண்டுமே அது. நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தோம், மிஹோ மட்டும் குளியலறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். ஏண்டி அந்தப் பக்கம் என்று சயாகா ஜாடையில் கேட்டதற்கு வாயைத் திறக்கவே இல்லை, முழுசாகத் தின்று முடித்த பிறகு, வியட்நாம் இந்தப் பக்கம்னு நீதானே சொன்ன என்றாள்.

பிறகு நான் முகமூடியை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய், முழங்கால் பனியில் சுற்றி வந்து, வாசல் கதவைத் தட்டி உறுமினேன். போன வருஷம் இந்த வேலை உன்னுடையது. நீ உறுமிக்கொண்டு வந்தாய், மிஹோ ஓனி வெளியே போ, பாக்கியம் உள்ளே வா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு எறிந்தாள், நீ ஐயோ அம்மா என்று அலறி ஓடிப் பனியில் விழுந்து புரண்டாய், அப்புறம் ஒன்றும் தெரியாதவன்போல என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தாய். நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு அந்தக் கூத்தெல்லாம் வராது, சும்மா நின்று உறுமினேன். மிஹோ எறியவே இல்லை, தொஷியுகி. கடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். ஓனி உள்ளே வா, சீக்கிரம் உள்ளே வா என்றாள். சயாகா விளையாட்டு என்று நினைத்து இரண்டு கடலையை என்மேல் எறிந்தாள், எறியாதே, அம்மா எறியாதேன்னு சொல்றேன்ல என்று வீடே அதிரும்படி கத்தினாள் குழந்தை. நான் பதறிப்போய் முகமூடியைக் கழற்றினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. நீயா தாத்தா என்று மட்டும் கேட்டாள்.

அழுது அடங்கின பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. போன வருஷம் முகமூடிக்குள்ளே உன் கண்ணாடி தெரிந்ததாம். அது நீதான் என்று தெரிந்தே எறிந்தாளாம், ஒன்று கண்ணாடி மேலேயே பட்டதாம். வெளியே போன்னு நான்தான் சொன்னேன், போயிட்டாரு என்றாள். பனி உருகினதும் ஏப்ரலில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய், ஆகஸ்டில் முன்னோர் பண்டிகைக்கும் வரவில்லை, புத்தாண்டுக்கும் வரவில்லை. அவள் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது. நாம்தானே வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்தோம், கடலையை எறிந்து வெளியே போ என்று சொன்னால் போனது திரும்பி வராது என்று. உன் போன் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாளே, அது உன்னை மறந்ததாலோ கோபத்தாலோ இல்லை. அடித்துத் துரத்தின ஆள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம். பெற்ற அப்பனுக்குப் பயந்து ஒரு வருஷமாக ஒரு குழந்தை தனியாக இதைச் சுமந்திருக்கிறது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பெரியவர்கள் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அப்பாவைக் கம்பெனிதான் அனுப்பிச்சது கண்ணு என்று சயாகா மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள். கம்பெனிக்கு யாரு சொன்னா என்று கேட்டாள். அதெல்லாம் வெறும் விளையாட்டு, ஓனி கீனி எதுவும் கிடையாது என்று நான் சொன்னேன். விளையாட்டுன்னா அவரு ஏன் நிஜமாப் போனாரு என்றாள். நாற்பது வருஷம் பஸ் ஓட்டி எத்தனையோ பேரோடு வாதாடினவன், எழுந்து போய்ச் சயாகா எறிந்த இரண்டு கடலையைப் பொறுக்கினேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டுகிற தெருவைப் பார்த்து உள்ளே வா, உள்ளே வா என்று மெதுவாகச் சொல்கிறாள். பனிக்காற்று கூடம் வரை அடிக்கிறது, கணப்பு அடுப்பில் மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி போகிறது. நேற்று என்னால் குளிர் தாங்க முடியாமல் கதவைச் சாத்துடி என்று அதட்டிவிட்டேன். சாத்தினா அவருக்குக் கேக்காது தாத்தா என்றாள். எழுந்து போய் அவள் தோளில் கோட்டைப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் நின்றேன். வேறென்ன செய்ய.

எனக்கு அலுத்துவிட்டது, தொஷியுகி. சமைப்பதும் பனி வாருவதும் எனக்குப் பெரிதில்லை, அதெல்லாம் செய்துவிடுவேன். அடுத்த மாதம் பொம்மைப் பண்டிகை, அதற்கும் முட்டை ஓட்டில் ராஜா ராணி செய்ய வேண்டுமாம், அதையும் உட்கார்ந்து செய்வேன். ஆனால் நீ போட்ட முடிச்சை என்னால் அவிழ்க்க முடியாது. கோபமில்லை என்று போனில் நூறு தடவை சொன்னாலும் அவள் நம்பமாட்டாள், பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் அவளிடம் அப்படித்தான் சொல்கிறோம். போனவர் வாசல் வழியாக உள்ளே வருவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து வந்தால் அவளுக்கு ஏழு முடிந்திருக்கும், அப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கமாட்டாள். குடும்பத்துக்காகத்தான் அங்கே கஷ்டப்படுகிறாய், அது எனக்குத் தெரியும், உன்னைக் குறை சொல்லவில்லை. கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்பது உன் இஷ்டம். அவளுக்குப் பழகிவிட்டது என்ற காரணத்தை மட்டும் சொல்லாதே, அது பொய்.

உன் அம்மா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி உன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன், அவள் பார்த்துக்கொள்வாள். உடம்பும் மனசும் நன்றாக இருந்து நீண்ட ஆயுளோடு இரு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பைக்கில் போகும்போது தலைக்கவசத்தை மறக்காதே. மாதக் கடைசிக்கு முன்னால் கூப்பிடு, சயாகாவிடம் முதலில் பேசு, அவளாகக் கேட்கமாட்டாள்.

எழுதி முடிக்கும் நேரத்தில் மிஹோ வந்து மேஜையில் முகவாயை வைத்துக்கொண்டு யாருக்கு என்றாள். உன் அப்பாவுக்கு என்றேன். அப்புறம் என் காதில் வாயை வைத்து ஒன்று எழுதச் சொன்னாள், சொன்னபடியே எழுதுகிறேன். அப்பாவுக்கு நிஜமாவே கொம்பு இருந்தாலும் பரவாயில்லை, வரச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஷிகெயோஷி