பீப்பாய்க்காரி

1868 பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

குட்டி எழுதுவது. அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ அனுப்பிய கம்பளிப் போர்வையைத் தெரு முழுக்கக் காட்டி முடித்துவிட்டாள். இனிமேலாவது போர்த்திக்கொள்வாள் என்று நினைக்கிறேன். தலைநகரத்துக்குப் போனதும் எங்களை மறந்துவிட்டாய் என்று சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கே நடந்ததை எழுதாமல் வேறு எதையும் எழுத ஓடவில்லை.

மலக்குழி அள்ளும் நெட்டையண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். போன வியாழக்கிழமை காலையில் அவருடைய தம்பி ரொட்டிக்கடையின் பின்பக்கக் குழிக்குள் வாளியோடு இறங்கினார். ஏணியின் நாலாவது படியிலேயே கை நழுவிவிட்டது. குழிக்குள் இருக்கும் காற்று அப்படி. கூடவே குதிக்கப் போன நெட்டையண்ணனை நாலு பேர் இழுத்துப் பிடித்தோம். கொக்கி போட்டுத் தம்பியின் உடலை மேலே எடுத்தபோது வாய், மூக்கு, கண் எல்லாம்... எழுதக் கை கூசுகிறது. கல்யாணமாகி ஆறு மாதம்தான். ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "சீக்கிரம் தூக்கிட்டுப் போங்கப்பா, உள்ள மாவு புளிச்சுக்கிட்டிருக்கு" என்றார். மத்தியானம் அதே கடையில் ஜனங்கள் வரிசையாக நின்று ரொட்டி வாங்கினார்கள். நான் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அப்பாவின் பட்டறையில் பெரிய துருத்தி சும்மாதானே கிடக்கிறது? அதன் தோல் மடல்களைத் திருப்பித் தைத்தால் ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சும். ஒரு பக்கம் குழிக்குள் போகிற அகலமான தோல் குழாய். மறுபக்கம் வண்டியின்மேல் இறுக்கி மூடிய பீப்பாய். கைப்பிடியைத் தூக்கினால் குழாயில் ஏறும், அமுக்கினால் பீப்பாய்க்குள் போகும். மனுஷன் இறங்கவே வேண்டாம். தண்ணீரில் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். குழாயை இணைக்கப் பித்தளை வளையம் ஆறு வேண்டும். உன் பொதுப்பணி அலுவலகத்துக் கிடங்கில் கிடைக்குமே, யாரையாவது கெஞ்சி அனுப்பு.

உன் குட்டி


1868 பிப்ரவரி 17

அன்புத் தங்கைக்கு,

வளையம் ஆறும் இத்துடன் வருகின்றன. கிடங்குக்காரர் எதற்கென்று கேட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க என்று சொன்னேன். நீயும் அப்படியே சொல்லிக்கொள்.

சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் என்னை மாட்டிவிட்டவள் நீ. உன் மூளையைப் பற்றி எனக்கு ஒருபோதும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மூளைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? நெசவுக்கு ஒன்று கண்டுபிடி, அச்சுக்கு ஒன்று கண்டுபிடி, ஊரே தலையில் வைத்து ஆடும். இதைப் போய்!

ஒரு நல்ல செய்தி. எங்கள் தலைமை எழுத்தர் தம் மகளை எனக்குத் தரலாம் என்று பேச்செடுத்திருக்கிறார். கௌரவமான குடும்பம், வீட்டில் எல்லோருக்கும் மூக்கு கூர்மை. ஆகவே குட்டி, செய்வதைப் பட்டறைக் கதவுக்குள்ளேயே செய். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணா


1868 மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி வரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணி எப்படிச் சிரிப்பாள், என்ன படிப்பாள் என்று எழுது.

இயந்திரம் வேலை செய்கிறது! முதல் நாள் மட்டும் மானத்தை வாங்கிவிட்டது. கந்தல் துணி ஒன்று மடலில் சிக்கி, குழாய் வெடித்து, தலையிலிருந்து கால்வரை அபிஷேகம். ஏழு தடவை குளித்தும் அம்மா என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. பிறகு குழாயின் வாயில் கம்பி வலை கட்டினேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக் குழி முழுவதையும் மத்தியானத்துக்குள் காலி செய்தோம். கைப்பிடியை அமுக்கியவர் நெட்டையண்ணன். முடித்ததும் உலர்ந்திருந்த தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். "இது ரெண்டு மாசம் முன்னாடி இருந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? எனக்குப் 'பீப்பாய்க்காரி' என்று பெயர் வைத்துவிட்டது. காய்ச்சலை நான் குழியிலிருந்து உறிஞ்சித் தெருவில் ஊதுகிறேன் என்கிறார் மருந்துக்கடைக்காரர். ரொட்டிக்கடையில் எனக்கு ரொட்டி இல்லை. அதற்காக நான் அழவில்லை. ஊர் மன்றத் தலைவரே வந்து, "ஆளு இறங்கி அள்ளினா யாரு கண்ணுலயும் படாது. நீ நடுத்தெருவுல மெஷின் வச்சு ஊரையே பாக்க வைக்கிறியே, அசிங்கமா இல்ல?" என்று கேட்டார். "அள்ளுறது அசிங்கமா, ஆளு சாகுறது அசிங்கமா?" என்றேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் வீட்டுக் குழி கசிந்து சந்துக் கிணற்றில் கலக்கிறது, அண்ணா. அந்தத் தண்ணீரில் பச்சையாக ஏடு படர்ந்திருக்கிறது. அதைத்தான் சந்து முழுவதும் குடிக்கிறது. அது அவருக்கு நாறவில்லை.

ஏப்ரல் 20 அன்று மன்றம் கூடி முடிவு செய்கிறது. உன் அலுவலக முத்திரையோடு நீ வந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும். வருவாய் அல்லவா?

உன் குட்டி


1868 ஏப்ரல் 8

தங்கைக்கு,

வர இயலாது. அதே 20-ஆம் தேதி எனக்குத் திருமணம். எளிமையாக நடக்கிறது. நீயும் அம்மாவும் இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டாம். சில மாதம் கழித்து நானே வந்து பார்க்கிறேன்.

இனி அலுவலக முகவரிக்கு எழுதாதே. உன் கடிதத்தைப் பிரித்தபோது பக்கத்து மேசைக்காரன் மூக்கைச் சுளித்து, "என்னய்யா நாத்தம்?" என்று சிரித்தான். உண்மையிலேயே நாறியது, குட்டி. கையை இரண்டு முறை கழுவினேன்.

என் நிலைமையையும் நீ புரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணா


1868 மே 2

அண்ணாவுக்கு,

முதலில் மன்றத்துச் செய்தி. பதினொரு பேரில் பதினொரு பேரும் கை தூக்கினார்கள். இயந்திரம் ஊரின் மானத்துக்குக் கேடாம். வாசலிலேயே இரண்டு பேர் கோடாலியால் துருத்தியைக் கிழித்தார்கள். கூட்டம் கை தட்டியது. தட்டியவர்களில் நெட்டையண்ணனின் தம்பியைக் கொக்கியால் தூக்கியபோது பக்கத்தில் நின்றவர்களும் இருந்தார்கள். அந்தக் கைகளைப் பார்த்தேன். குழியில் நான் கண்ட எதுவும் அவ்வளவு அருவருப்பாக இல்லை.

கூட்டத்தில் துறைமுகத்து மேலாளர் ஒருவர் நின்றிருந்தார். கிழிந்த தோலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எங்க துறைமுகத்துல நாப்பது குழி இருக்கும்மா. போன வருஷம் மூணு பேரு போயிட்டாங்க. இதைத் திரும்பத் தைக்க முடியுமா?" என்று கேட்டார். தைத்துவிட்டோம். திங்கட்கிழமை நெட்டையண்ணன் குடும்பத்தோடு நாங்களும் துறைமுகத்துக்குக் கிளம்புகிறோம்.

இனி உன் செய்தி.

உன் மனைவியிடமிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்தது. முகவரியை உன் பெட்டியிலிருந்த பழைய உறையில் பார்த்து எடுத்தாளாம்; உனக்குத் தெரியாமல் எழுதுகிறாளாம். "உங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டதாக அவர் சொன்னார். பெற்ற வயிறு எப்படித் தாங்குகிறதோ! எனக்கென்று ஒரு தங்கை இல்லை. அவள் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டிருப்போம். என்னை உங்கள் மகளாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே. நான்தான் படித்துக் காட்டினேன். காய்ச்சல் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். "மேல படி" என்றாள். படித்தேன்.

பதிலையும் அம்மா பெயரில் நான்தான் எழுதினேன். என் சாவுக்கு வந்த ஆறுதலுக்கு நானே நன்றி சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உனக்காக அல்ல, முகம் தெரியாத ஒருத்திக்காக அழுத அந்தப் பெண், கட்டிக்கொண்டவன் யாரென்று கல்யாணமான பத்தாம் நாளே தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான். நீயே ஒருநாள் சொல். சொல்லாவிட்டால் தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு.

மலம் கையில் பட்டால் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன், போய்விடும். உன் கடிதங்களைக் கட்டி வைத்திருந்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். உன் போர்வையை மடித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அண்ணாவுக்கு என்ன எழுத என்று கேட்டேன். மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்துடுச்சுன்னு அங்க சொல்லிக்கச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

தங்கை