ஆற்றுக்குப் போக முடியாத மாதங்கள்

அக்கா,

இன்று காலையும் என் வீட்டுக்காரருடைய தேநீரைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். "கையில குடுத்தா தேஞ்சா போயிருவ?" என்று கேட்டார். என்ன சொல்வது? எதிரிலிருந்த யூத வீட்டிலிருந்து, உங்களிடமிருந்து, தொற்றிக்கொண்ட பழக்கம். மாதவிலக்கு வந்துவிட்டால் உங்கள் கணவருக்கு நீங்கள் எதையும் கைக்குக் கை தர மாட்டீர்கள். விரல் பட்டுவிடும் என்று மேசையில் வைப்பீர்கள், அவர் எடுத்துக்கொள்வார். கட்டிலும் தனித்தனி. உதிரம் நின்று, ஏழு நாள் சுத்தமாகக் கழிந்து, ஆற்றில் முங்கி எழுந்த பிறகுதான் ஒருவரையொருவர் தொடுவது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தூரம் என்று மூலையில் உட்காரவைத்த மாமியாரிடம் பட்டவள் நான். "எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பொம்பளைக்குத்தான் பூட்டு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அப்பாவின் கடையில் கற்ற தமிழில், "பூட்டு இல்ல பொண்ணு. எனக்கு மாசா மாசம் புதுக் கல்யாணம். உனக்கு ஒண்ணுதானே?" என்றீர்கள். சோறு, துணி போலவே படுக்கைச் சுகமும் மனைவிக்குக் கணவன் தரவேண்டிய கடமை என்று உங்கள் சட்டமே சொல்கிறதாம். அட, எங்கள் வீட்டில் யார் அப்படிச் சொன்னார்கள்!

முங்குவதைப் பார்க்க உங்கள் இனத்துப் பெண் ஒருத்தி உடன் இருக்கவேண்டும். ரங்கூனில் யார் மிச்சம்? என்னை அழைத்தீர்கள். இருட்டும் நேரத்தில் வாடகைக் காரில் கியாக்தான் என்கிற ஆற்றோர ஊருக்குப் போய்ச் சேருவோம். கைலியை அவிழ்த்து என்னிடம் தந்துவிட்டு ஆற்றில் இறங்குவீர்கள். "ஒரு முடி மேல தெரிஞ்சாலும் சொல்லு, திரும்ப முங்குறேன்." வீடு திரும்பும்போது உங்கள் முகத்தைப் பார்த்து நான் கேலி செய்யாத நாளே கிடையாது.

பிறகு பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது, ஊரடங்கு வந்தது. நட்சத்திரம் தெரிந்த பின்தான் முங்கவேண்டும் என்பது உங்கள் அம்மா சொல்லித்தந்த விதி. இருட்டினால் தெருவில் இறங்கக்கூடாது என்பது பட்டாளத்தின் விதி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள்.

"பகல்லயே போயிட்டு வருவோம் அக்கா."

"ஆகாது."

"மழை கொட்டுது. அண்டாவுல புடிச்சு ஊத்துறேன்."

"அதும் ஆகாது. பூமியோட ஒட்டி நிக்கிற தண்ணியா இருக்கணும்."

ஆபத்துக்குப் பாவமில்லை என்று உங்கள் சட்டத்திலும் எங்காவது இருக்கும், இல்லாமல் போகாது. ஆனால் கேட்பதற்குச் சட்டம் படித்த குரு ஒருவர் இந்த ஊரில் இல்லையே. வெளிநாட்டுக்குப் பேசலாம் என்றால் லைன் கிடைக்காது. கிடைத்தாலும் இதைப் போனில் எப்படிக் கேட்பது என்று உங்களுக்கு வெட்கம். மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரே அறைக்குள் நீங்கள் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. பார்க்கிற எனக்கே மூச்சு முட்டியது.

அந்த மழைக்காலத்தில்தான் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் இடமில்லை. உங்கள் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலருகே நின்று அழுதார். "அந்தக் கையைப் புடிங்களேன் அண்ணே!" என்று கத்தினேன். அவர் ஓரடி முன்னால் வந்தார். நீங்கள்தான் வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். "என்னால அவர் கெட வேணாம்." என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தீர்கள். கோபம் கோபமாக வந்தது அக்கா, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

உடலைக் குளிப்பாட்டவும் உங்கள் வழக்கத்தில் பெண்கள்தான் வேண்டும். வேறு யாரும் வர வழியில்லை. கதவுக்கு வெளியே நின்று அவர் முறையைச் சொல்லச் சொல்ல, தாரை அறுந்துவிடாமல் தலைமுதல் கால்வரை தண்ணீர் ஊற்றினேன். வெள்ளைத்துணி உடுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"அக்கா குளிச்சாச்சு. வாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். உங்களைத் தூக்கிப்போக ஆட்கள் வரும்வரை விடவில்லை.

அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று இன்றுவரை தெரியாது. உங்கள் மதத்தவளும் இல்லை, படித்தவளும் இல்லை. யார் வந்து கேட்டாலும் மறுபடி அதையேதான் சொல்வேன்.