மூலையில் இருந்த உன் முகம்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதியில் பொய் இல்லை, நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். இரண்டாவது பாதியில் ஆவல் என்று எழுத மனம் வரவில்லை. ஒன்பது நாளாக எனக்கு இருப்பது பயம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எப்படி இருக்கே என்பேன், நீ நல்லா இருக்கேம்மா என்பாய், சரி உடம்பைப் பாத்துக்கோ என்று நான் வைத்துவிடுவேன். இந்த நாடகத்தில் நாம் இரண்டு பேரும் நன்றாகத் தேறிவிட்டோம். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை உன்னோடு இல்லை, நீ அங்கே தனியாக இருக்கிறாய், அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஏனென்றால் அதில் என் தப்பு இருக்கிறது. படித்து முடிக்கும் வரைக்கும் கோபப்படாதே, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் படு.

போன வருஷம் வந்திருந்தபோது கிளம்புகிற அன்று காலையில் பயணச் சீட்டை அச்செடுக்க வேண்டும் என்று என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாயே, நினைவிருக்கிறதா? பெட்டியை மூடவா திறக்கவா என்று அப்பா வாசலில் குதித்துக்கொண்டிருந்தார், நீ அவசர அவசரமாக உன் கணக்கில் நுழைந்து சீட்டை எடுத்துக்கொண்டு அப்படியே ஓடிவிட்டாய். அன்றிலிருந்து அந்தப் பிரவுசரைத் திறந்தால் மேலே வலது மூலையில் சின்ன வட்டத்தில் உன் முகம் இருக்கும், ஆய்வுக்கூடத்துக் கோட்டு போட்டுக்கொண்டு லேசாகச் சிரிக்கிற படம். எனக்காகத்தான் நீ வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். சிரிக்காதே, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். சித்தியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், நாய் பூனைகளுக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று சீட்டு அடிப்பது. விடுமுறை நாளில் மிச்சம் இருப்பதை வீட்டிலேயே அடித்து எடுத்துப் போவேன். உன் முகம் இருக்கிற அந்தப் பிரவுசரில் சீட்டு ஒழுங்காக வராது, நாயின் பெயர் வரும், நாய்க்காரர் பெயர் வரும், ஊசி போட வேண்டிய தேதி மட்டும் காகிதத்துக்கு வெளியே போய்விடும். நான் ஒவ்வொரு சீட்டிலும் தேதியைக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஏங்க இப்படிக் கஷ்டப்படுறீங்க, வேற பிரவுசர்ல போட்டா அழகா வருமே என்றார். மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஓட்டினேன். நீங்க எதுல போடுறீங்க, ஏன் அதுல போடுறீங்க என்று பார்க்கிற ஆளையெல்லாம் கேட்டு, யோசித்துக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்தேன். கேட்டதில் ஒன்று தெரிந்தது. ஒருவரும் யோசித்து வைத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவே மிஷினோட வந்துச்சுங்க, நல்லாத்தானே இருக்கு என்கிறார். கீழே மருந்துக் கடைக்காரரை ஒரு பிரவுசர் தினமும் என்னையே முதலில் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்ததாம், அவர் ஒரு வருஷம் மறுத்திருக்கிறார், ஒருநாள் கடையில் கூட்டம் நிற்கும்போது தொல்லை தாங்காமல் சரி என்று அமுக்கிவிட்டார். இப்போது அதுதான் உலகத்திலேயே வேகமானது என்று எனக்கே சிபாரிசு செய்கிறார். சித்தி ஒரு படி மேலே போய், நான் பிரவுசரெல்லாம் வச்சுக்கிறதே இல்லக்கா, நேரா இன்டர்நெட்தான் என்றாள், விளக்கம் சொல்லப்போய் அரை நாள் என்னோடு பேசவில்லை. உன் அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் ஒரு நட்டை மூன்று தடவை திருகிப் பார்க்கிற மனுஷன், இந்த விஷயத்தில் மட்டும் விரலுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தட்டுவார். வந்து ஒட்டிக்கொண்டதை வைத்துக்கொள்கிறார்கள், காரணத்தைப் பிறகு கண்டுபிடிக்கிறார்கள். நான் ஒருத்திதான் காரணத்தோடு வைத்திருந்தேன், அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பூனைக்கு ஒவ்வாமை என்று வந்தது, வீட்டில் அதைப் பற்றிப் படிக்கலாம் என்று ஒ என்று ஒரே எழுத்து அடித்தேன். அதற்குள் கீழே ஒரு வரி தானாக வந்து நின்றது, ஒரு ஆள் மட்டும் தங்க அறை என்று. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். நாலு நாள் கழித்து க என்று அடித்தால் கணவர் பிரிந்து போனால் விசா என்ன ஆகும் என்று வந்தது. யாரோ பாவம் எந்த ஊர்ப் பெண்ணோ என்று உச்சுக் கொட்டினேன் சிட்டு. உண்மையாகவே உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அடுத்த வாரம் உன் ஆய்வுக்கூடத்தின் பெயரும் பக்கத்திலேயே பஸ் வசதியோடு அறை என்பதும் சேர்ந்து ஒரே வரியில் வந்தபோதுதான் அது நீ என்று எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டேன், வந்தார், மூலையில் இருந்த படத்தைத் தட்டிப் பார்த்தார், இது உங்க பொண்ணோட கணக்கும்மா, அவங்க அங்க என்ன தேடினாலும் இங்க தெரியும், நீங்க தேடுறதும் அங்க போகும், எடுத்துடவா என்று கேட்டார்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என் தப்பு இதுதான். அதுவரைக்கும் தெரியாமல் பார்த்தேன், அந்த நிமிஷத்திலிருந்து தெரிந்தே பார்த்தேன். ஐந்து வாரம், தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் திறப்பேன். தூக்கம் வரவில்லை என்று நீ தேடியிருந்தால் அன்று எனக்கும் ஒரு வேலையும் ஓடாது. சமையல் குறிப்பு ஏதாவது தேடியிருந்தால், பரவாயில்லை, பிள்ளை இன்று அடுப்பு மூட்டியிருக்கிறாள் என்று நிம்மதியாகக் கிளினிக்குக்குப் போவேன். உன்னோடு போனில் பேசும்போது ஒன்றும் தெரியாத மாதிரி மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன், டியூட்டிக்குப் போயிருக்காரும்மா என்றாய், அவர் அந்த வீட்டை விட்டுப் போய் அப்போது ஒரு மாதமாவது ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பொய் சொல்ல வைத்து அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேனே, அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஒருநாள் வாய் தவறி அங்க ஒத்த ஆளுக்கு ரூம் கிடைக்கிறது கஷ்டமா என்று கேட்டும் விட்டேன், ஏம்மா இப்படிக் கேக்கறே என்றாய், சும்மா என்றேன்.

நான் தேடியதும் உனக்கு வந்திருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. முழங்கால் வலி, பூனை வாந்தி, கணவருக்குக் காது மந்தமானால் சொல்லிப் புரியவைப்பது எப்படி, இதையெல்லாம் பார்த்து நீ சிரித்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மகள் போனில் குரல் மாறிப் பேசினால் என்ன காரணம் என்றும் ஒருநாள் தேடினேன். மகளிடம் கேட்க வேண்டியதை மிஷினிடம் போய்க் கேட்டிருக்கிறேன். அதையும் நீ பார்த்திருப்பாய், பார்த்துவிட்டு அடுத்த தடவை குரலைச் சரிசெய்துகொண்டு பேசியிருப்பாய். இப்போது யோசித்தால் அந்த வாரம் நீ ரொம்பக் கலகலப்பாகத்தான் பேசினாய்.

கடைசியில் புத்திசாலித்தனம் என்று நினைத்து ஒன்று செய்தேன். நேரில் கேட்கத் தைரியம் இல்லை, இந்த வழியாகவே உனக்கு ஒரு வார்த்தை அனுப்பலாம் என்று, தேடுகிற பெட்டியில் அம்மாவிடம் சொல்ல முடியாதது என்று ஒன்று உண்டா என்று அடித்துத் தட்டினேன். யார் யாரோ எழுதிய அறிவுரைகள் பக்கம் பக்கமாக வந்தன, ஒன்றையும் படிக்கவில்லை, எனக்கு வேண்டியது நீ பார்க்க வேண்டும் என்பதுதான். மறுநாள் காலையில் திறந்தால் மூலையில் உன் படம் இல்லை. முகமே இல்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று இருந்தது. ஒ அடித்தேன், க அடித்தேன், ஒன்றும் வரவில்லை. நீ பார்த்துவிட்டாய், அங்கிருந்தே உன் கணக்கை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். சாத்தியது சரிதான், உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு ஆறு தடவை போன் செய்தேன், வேலை அதிகம்மா அப்புறம் பேசறேன் என்று ஒரே ஒரு செய்தி வந்தது. இருந்த ஒரு ஜன்னலையும் நானே போட்டு உடைத்துவிட்டேனோ என்றுதான் இந்த ஒன்பது நாளும்.

அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். முந்தாநாள் வேலை முடிந்து கைக் கிரீஸைக்கூடக் கழுவாமல் வந்து நின்று, எதுக்கு அந்தக் கம்ப்யூட்டரையே பாத்துட்டு உக்காந்திருக்கே என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார், மாப்பிள்ளைக்குப் போன் போடுவார், தன் அண்ணனைக் கூட்டி நியாயம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். கை கழுவப் போனார், ரொம்ப நேரம் கழுவினார், திரும்பி வந்து உட்கார்ந்து, அவ வந்தா வரட்டும், வரலேன்னா அங்கேயே இருக்கட்டும், ஆனா யாரும் அவள ஏன்னு கேக்கக்கூடாது, நீயும்தான் என்றார். முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் சொன்னதில் இந்த ஒன்றுக்குத்தான் நான் எதிர்த்துப் பேசவில்லை. பிறகு அவரே அந்தப் பிரவுசரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை அவர் கைக்குக் கிடைத்ததைத் தட்ட நான் விடவில்லை. யார் கணக்கும் கேட்காததாக ஒன்று வேண்டும் என்றேன், அப்படி எதுவும் இல்லை என்றார். இதுவும் இந்த இரண்டு நாளாகக் காலையில் உங்கள் கணக்கில் நுழைகிறீர்களா என்று கேட்கிறது, வேண்டாம் என்று அமுக்குகிறேன். மருந்துக் கடைக்காரர் மாதிரி நான் ஒருநாளும் சலித்துப்போய்ச் சரி என்று தட்ட மாட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. நீ அங்கே என்ன வேண்டுமானாலும் தேடு, இங்கே எதுவும் தெரியாது. சீட்டில் தேதியும் ஒழுங்காக வருகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. அழுகை வந்தால் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போ, அதில் ஒன்றும் கேவலம் இல்லை. நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அது உனக்கு நல்லதாக முடிய வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒரே ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய். கவர் மேல் உன் ஆய்வுக்கூடத்து முகவரியைத்தான் எழுதியிருக்கிறேன், வீட்டு முகவரி என்று எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இப்போது எங்கே படுத்துத் தூங்குகிறாய் என்று மட்டும் எழுது. ஏன் என்று எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கேட்காமலே பார்த்துவிட்ட,
உன் அம்மா