இரவுச் சோற்றை விடச் சொன்ன விளையாட்டு ஆசிரியர்

அனுப்புநர்
செ. கோகிலவாணி,
க/பெ. செல்வம்,
மிளகு, அன்னாசி வியாபாரம்,
திண்ணனூர் நாடு,
கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: சாப்பிடப் பயப்படும் நோயிலிருந்து தேறிவரும் என் மகள் ஜீவாவை எடை குறைத்துக்கொண்டு பளு தூக்கும் போட்டிக்கு வரச் சொன்ன உடற்கல்வி ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கவும், அவள் பெயரைப் போட்டியிலிருந்து நீக்கவும், பூட்டிய பயிற்சி அறையைத் திறந்துவிடவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். மலையிலிருந்து மனு வந்தால் ரோடு கேட்டோ பஸ் கேட்டோதான் இருக்கும் என்று தாங்கள் நினைக்கலாம். இரண்டும் எங்களுக்கு வேண்டியதுதான். அதற்கு வேறு மனு எழுதுகிறேன். இந்த மனு என் மகளின் சாப்பாடு பற்றியது.

1. ஜீவா பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் பெயர் இணைப்பில் உள்ளது. போன வருடம் அவள் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கத் தொடங்கினாள். பிறகு தட்டையே ஒதுக்கினாள். யாரும் பார்க்காத நேரத்தில் அருவிக்குப் போகும் படிகளில் ஓடி ஓடி ஏறி இறங்கினாள். காற்றுக் கருப்பு என்றார்கள், வேப்பிலை அடித்தோம். காமாலை என்றார்கள், பத்தியம் வைத்தோம். இருக்கிற கொஞ்சச் சாப்பாட்டையும் நாங்களே பத்தியம் என்று பிடுங்கினோம். கடைசியில் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, இருதயம் துடிக்கவே யோசிக்கிறது என்றார் டாக்டர் அம்மா. அனொரெக்ஸியா என்று நோய்க்குப் பெயர் சொன்னார். பசி இல்லாமல் போகும் நோய் இல்லையாம். பசித்தாலும் சாப்பிடப் பயப்படுகிற நோயாம்.

2. உடம்பு கொஞ்சம் தேறும்வரை எந்தப் பயிற்சியும் கூடாது என்று கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். தேறிய பிறகு, கரைந்துபோன தசையும் எலும்பும் திரும்ப வலுப்பெற அளவான எடை தூக்கும் பயிற்சி தரலாம் என்றார்கள். ஆனால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தனியாக விட்டால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. முன்னாலும் பின்னாலும் சாப்பிட வேண்டும். எடை எவ்வளவு என்று அவள் காதில் விழவே கூடாது. அதனால் இந்த மனுவிலும் நான் எடையை எழுதவில்லை.

3. வட்டாரச் சுகாதார நிலையத்தின் பிசியோதெரபிஸ்ட் திருமதி சுகுணா, தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பள்ளி விளையாட்டு அறையில் மாலை நேரத்தில் இந்தப் பயிற்சியைத் தந்துவந்தார். இதே நோயுள்ள பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனும் உடன் வந்தான். அவன் வீட்டார் பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. ஜீவா இன்னும் இன்னும் என்று நிற்பாள். சுகுணா அம்மா, "இன்னிக்கு இம்புட்டுத்தான் சாமி, கீழ வை" என்பார். வைத்துவிட்டு வந்து மரவள்ளிக்கிழங்கும் முட்டையும் சாப்பிடுவாள். ஒருநாள் என் கடையில் மிளகு மூட்டையைத் தானே தூக்கி லாரியோரம் வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது! வியாபாரி விலை கேட்டு நிற்கிறார், நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

4. இந்த நிலையில்தான் உடற்கல்வி ஆசிரியர் திரு. அர்த்தனாரி அவர்களின் அருட்பார்வை என் மகள் மேல் விழுந்தது. முள்ளுக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மர நிழலில் நாற்காலி போட்டு, அந்த நாற்காலி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதையே உடற்கல்வியாக நடத்திவரும் மகான் அவர். எடை தூக்கும் பெண்ணைக் கண்டதும் அன்னாருக்கு ஞானம் பிறந்தது. பெற்ற எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், மாவட்டப் பளு தூக்கும் போட்டிக்கு, மிகக் குறைந்த எடைப் பிரிவில், அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பிரிவுக்கு அவள் எடை கொஞ்சம் அதிகமாம். நாங்கள் ஒரு வருடம் கெஞ்சியும் அழுதும் ஏற்றிய எடை, ஐயா, அவருக்கு அதிகமாகப் போய்விட்டது. அவர் என் மகளிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கொஞ்சம் எறங்கு கண்ணு. அந்தக் கேட்டகிரில ஆளே இல்ல, போயி நின்னாலே மெடலு. ராத்திரிச் சோத்த மட்டும் விட்டுரு, போதும்."

வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார். அன்று இரவே ஜீவா சாப்பிடவில்லை. கேட்டதற்கு, சார் சொன்னாரு என்றாள். அந்த நோய் இத்தனை நாள் அவள் மண்டைக்குள் இரகசியமாகச் சொல்லிவந்ததை, அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவர் விசில் ஊதிச் சொல்லிவிட்டார். இனி நான் எந்த வாயால் சாப்பிடச் சொல்வது?

5. மறுநாள் பள்ளிக்குப் போனேன். மருத்துவமனைக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை, மடித்து விசிறிக்கொண்டார். "ஏனுங்க, ஊருல பாதிப் பேரு எளைக்க முடியாமத் தவிக்கறாங்க. உங்க புள்ளைக்கு அது தானா வருதுங்க. இதெல்லாம் ஒரு வரமுங்க" என்றார். அது அப்படிப்பட்ட வரம் என்றால், தொப்பையைத் தடவிக்கொண்டே பேசிய அவருக்கே அது கிடைக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவமரியாதையாகப் பேசியதாக என் மேல் புகார் வந்தால், அது உண்மைதான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

தலைமை ஆசிரியர் திரு. இளங்கோ அவர்கள் அதற்கு மேல். "மலைப் புள்ளைக்கு மெடல் வந்தா பேப்பர்ல போட்டோ வருமுங்க, நீங்க ஏனுங்க குறுக்க நிக்கறீங்க?" என்று கேட்டார். போட்டோவில் அவர் நடுவில் நிற்பார் போலும்.

6. அதன்பின் தினமும் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்னால் அவளை எடை மெஷினில் ஏற்றுகிறார்கள். எண்ணைச் சத்தமாகப் படிக்கிறார்கள். முன்னைவிடக் குறைந்திருந்தால் பிள்ளைகளைக் கை தட்டச் சொல்கிறார்கள். ஐயா, நான் தராசு பிடித்துப் பிழைப்பவள். என் கடையில் எடை குறைந்தால் யாரும் கை தட்ட மாட்டார்கள், சண்டைக்குத்தான் வருவார்கள். மிளகுக்கு இருக்கிற மரியாதைகூட என் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இல்லை.

7. இதைத் தட்டிக்கேட்ட சுகுணா அம்மாவை உள்ளே விடக் கூடாது என்று விளையாட்டு அறையைப் பூட்டி, சாவியை அர்த்தனாரி அவர்கள் பையில் போட்டுக்கொண்டார். கதவில் வெளியாள் வரக் கூடாது என்று எழுதியும் ஒட்டியாயிற்று. படித்து, பயிற்சி பெற்று, நாடி பார்த்து, போதும் என்று நிறுத்தத் தெரிந்தவர் வெளியாள். பட்டினி கிடந்து மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்பவர் உள்ளாள். மேற்பார்வையோடு நடந்த பயிற்சி நின்று, மேற்பார்வை இல்லாத ஓட்டம் தொடங்கிவிட்டது. அந்தப் பத்தாம் வகுப்புப் பையனும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

8. போன வாரம் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். துடிப்பு மறுபடி மெதுவாகிறது, இன்னும் இறங்கினால் படுக்கையில் சேர்க்க வேண்டும், இந்த முறை போன தடவை மாதிரி மீள்வாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர் அம்மா. அந்தக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். இதையாவது யாரும் விசிறியாக்காமல் படிக்க வேண்டும்.

9. போட்டி வரும் சனிக்கிழமை. அதற்கு முன் ஜீவாவின் பெயர் நீக்கப்பட வேண்டும். பள்ளியில் அவளை எடை போடுவது இன்றோடு நிற்க வேண்டும். அறைச் சாவி சுகுணா அம்மா கைக்கு வர வேண்டும். அர்த்தனாரி அவர்களை என்ன செய்வது என்பது தங்கள் விருப்பம். இடமாற்றம் மட்டும் செய்ய வேண்டாம். போகிற இடத்திலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

10. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வதுதானே என்று தாங்கள் கேட்கலாம். நிறுத்தினேன். சொல்லாமல் எழுந்து போய்விடுகிறாள். நேற்று அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "அம்மா, சார் சொல்றது எனக்குப் புடிச்சிருக்குது. அதுதாம்மா பயமா இருக்குது. நீ போயி யாருகிட்டயாவது சொல்லு."

அவள் அனுப்பித்தான் தங்களிடம் வந்திருக்கிறேன். அந்தப் பயம் அவளிடம் இருக்கும்போதே தங்கள் ஆணை வர வேண்டும், ஐயா. அது போய்விட்டால் அவளுக்காகப் பேச நான் ஒருத்திதான் மிஞ்சுவேன். என் பேச்சை அந்த நோய் கேட்காது.

இம்மனுவில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பேற்கும்,

(ஒப்பம்)
செ. கோகிலவாணி

இடம்: சோளக்காடு
நாள்: 14.07.2025

இணைப்பு: மருத்துவமனைக் கடிதங்கள் இரண்டு; பள்ளி விவரம்.