பகலாகிப்போன ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவர் தயவில் ஒருவர் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா, தலைக்கு ஊற்றினால் ஈரம் போகத் துவட்டிவிடு. போனிலேயே பேசலாமே, எதற்கம்மா கடிதம் என்று நீ கேட்பாய். நீ போன் செய்தால் அப்பா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், இந்த விஷயத்தை அவரை வைத்துக்கொண்டு பேச முடியாது. எனக்கும் அசதியாகவே இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் விட்டு விட்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா எடுத்த பழைய படங்களெல்லாம் புதுத் தரத்தில் டிஸ்க்காக எப்போது வரும் என்று கேட்டிருந்தாய். நீ ஆசைப்படுகிற மாதிரி எல்லாப் படமும் வராது பாப்பா. முதல் படத்தின் நெகட்டிவ் டப்பாவுக்குள்ளேயே ஒட்டிக் கட்டியாகிவிட்டதாம், மூடியைத் திறந்தால் புளித்த வாடை வருகிறதாம். அண்ணன் தம்பி பாசத்தைப் பற்றி எடுத்தாரே, அந்தப் படத்துக்காகத் தயாரிப்பாளரின் பிள்ளைகள் இரண்டு பேரும் கோர்ட்டில் அடித்துக்கொள்கிறார்கள், அது இந்த ஜென்மத்தில் வெளியே வராது. மற்றதில் மூன்று நான்கு தேறலாம். இப்போதைக்கு நிச்சயம் என்பது அந்த ரயிலடிப் படம் ஒன்றுதான். அதற்கும் டிஸ்க் போடுகிற கம்பெனிக்காரர் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. இயக்குநரே உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாகப் பார்த்துச் சரி சொன்னது என்று அட்டையில் போட வேண்டுமாம், அப்படிப் போட்டால்தான் விற்குமாம். இது விற்றால் மற்றவற்றில் கை வைப்பார்கள், இல்லாவிட்டால் எல்லாம் கிடங்கிலேயே கிடக்க வேண்டியதுதான். இவருக்கோ அந்த ஒரு வரியைக் கேட்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

போன வாரம் அதற்காக வரச் சொன்னார்கள், துணைக்கு நானும் போனேன். ஜன்னலே இல்லாத அறை, குளிர் எலும்பைத் தொடுகிறது, எதிரே பெரிய திரை. கலர் சரி செய்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், கால்வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்கிறாள். படத்தில் கதாநாயகி ராத்திரியில் வீட்டை விட்டுக் கிளம்புகிற காட்சி வந்தது. அப்போதெல்லாம் வெளியில் ராத்திரி விளக்கு வைத்து எடுக்கக் கட்டுப்படியாகாது, நல்ல வெயிலில் எடுத்துவிட்டு, லேபில் பிரிண்ட் போடும்போது இருட்டாக்கி, கொஞ்சம் நீலம் ஏற்றி ராத்திரியாக்கிவிடுவார்கள். இப்போது பிரிண்டை விட்டுவிட்டு நெகட்டிவிலிருந்தே எடுக்கிறார்கள், அதில் இருப்பது வெயில்தானே. அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, இருந்ததை இருந்தபடி பளிச்சென்று ஆக்கி வைத்திருந்தாள். ஊரடங்கிய நேரத்தில் நம் கதாநாயகி உச்சிவெயிலில், கையில் லாந்தரோடு, பதுங்கிப் பதுங்கிப் போகிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் திரைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கும்மா. இந்த இருட்டுதான் எனக்கு வேணும்" என்றார்.

பூச்சிகள் கத்துகிற சத்தத்தை வைத்துத்தான் எந்தக் காட்சி என்று கண்டுபிடித்திருக்கிறார். பேப்பர் படிப்பதில்லை, டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறார், வயசாச்சு, கவனம் இல்லை என்றுதான் நினைத்தேன், கண் இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவர் பெயரைப் போட்டு அந்தக் கூத்து அப்படியே வெளியே போகும், பார்க்கிறவன் எல்லாம் சிரிப்பான். திறந்தால் அவர் மானம் அந்த அறையிலேயே போகும். கடைசியில், "அம்மாடி, இது ராத்திரி நடக்கிறது, இருட்டாக்கணும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அப்பா. அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி சார் என்று திரும்பிக்கொண்டாள். நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் சார் இது எப்படி என்று அவரிடம் கேட்பாள், கண் என் மேல் இருக்கும். நான் அவர் கையை அழுத்தினால் அவர் சரி என்பார், அழுத்தாவிட்டால் இன்னொரு தடவை போடு என்பார். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் அப்பா, "படமெல்லாம் வந்துரட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட போலாம். பாப்பாவுக்கு எழுதாதே" என்றார், அவ்வளவுதான். படமெல்லாம் வருவது எந்தக் காலத்தில், அதுவரை கண் காத்திருக்குமா. இப்போது காட்டினால் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாமோ என்னவோ. டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னால், கம்பெனிக்குத் தெரிந்துவிடும், அட்டையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று கத்துகிறார். கத்துவதற்கு அவருக்குத் தெம்பு இருக்கிறது, கேட்பதற்கு எனக்கு இல்லை. நீ சொன்னால்தான் கேட்பார், எப்போதும் அப்படித்தான். மாப்பிள்ளையிடம் கலந்துகொண்டு, குழந்தையின் லீவைக் காட்டியாவது ஒரு நடை வந்துவிட்டுப் போ, டாக்டரிடம் நீயே கூட்டிக்கொண்டு போ.

போனில் கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் கூடி வர வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: உனக்கு எழுதுகிற எந்தக் கடிதத்தையும் அப்பா படித்துக் கையெழுத்துப் போடாமல் நான் ஒட்டுவதில்லை. கொடுக்காவிட்டால் சந்தேகப்படுவார் என்று இதையும் கொடுத்தேன். நாலு வரி கண்ணில் பட்டுத் திட்டினால்கூடப் போதும் என்று எதிரிலேயே நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக நிதானமாகத் திருப்பினார். "எல்லாத்தையும் விவரமா எழுதியிருக்கே, அனுப்பு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'உன் அம்மா' என்று நான் எழுதியதன் மேலேயே போட்டிருக்கிறார், பார்த்துக்கொள்.