பாதியாக வராத பதினேழு

1984 மார்ச் 5, திங்கள்
காலையிலிருந்து மழை. பேருந்தில் ஒரு சீன அம்மா என் வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார். ஆறாம் மாதம்.

ஆய்வுக்கூடம். கண்ணாடிக் குடுவையில் ஆக்சிஜன், வெளியே திரவ நைட்ரஜன், உள்ளே மின்பொறி. கொஞ்ச நேரத்தில் அடியில் கருநீலத் துளி. ஓசோன். எத்தனை முறை பார்த்தாலும் அழகு.

ஆக்சிஜன் அணுவில் மூன்று எடை: 16, 17, 18. ஓசோனில் 18 எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதிதான் 17 கூட வேண்டும். எடை வித்தியாசம் பாதி, அதனால். பாடப்புத்தகம் அப்படி. எனக்கு இரண்டும் சமமாகக் கூடுகிறது. இன்றும்.

மார்ச் 6, செவ்வாய்
என் ஆய்வு வழிகாட்டி சுந்தரம் சாரிடம் காட்டினேன்.

"ஈரம்லா. எடை பாக்குற கருவிக்குள்ள தண்ணி ஆவி போனா, அதோட ஹைட்ரஜன் 16-ல ஒட்டி 17 மாதிரி கூடத்தான் தெரியும். நம்ம ஊர்க் காத்துல வேற என்ன இருக்கு?"

"ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சார்."

"ஒவ்வொரு தடவையும் ஈரம். அந்த 17 கணக்க எடுத்துடு மேரி. தீசிஸ முடிச்சிட்டு நிம்மதியா பிள்ளையப் பெத்துக்க."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சங்கடம்.

தேக்கா சந்தையில்: புளி, கத்தரிக்காய், மாங்காய். பாதி மாங்காய் பேருந்து நிறுத்தத்திலேயே காலி.

மார்ச் 7, சாம்பல் புதன்
கணவர் சேவியருக்கு நோன்பு, எனக்கு மட்டும் தோசை வார்த்துத் தந்தார்.

"சார் சொன்னா எடுத்துடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்லங்க."

இன்னொரு தோசை வைத்தார்.

பூசையில் யோசித்தது (பாவமோ?): ஓசோன் ஆகாமல் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்தால்? அதே குழாய், அதே கருவி. ஈரம் என்றால் அதிலும் 17 கூட வேண்டும். ஓசோன் உண்மையிலேயே அள்ளிக்கொண்டிருந்தால் குறைய வேண்டும்.

மார்ச் 9, வெள்ளி
நல்ல வெயில். மிஞ்சிய ஆக்சிஜனை அளந்தேன். குறைந்திருக்கிறது. 17, 18 இரண்டும், சமமாக.

உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை உதைத்தது.

சாரைக் கூப்பிட்டேன். தாளை வாங்கிக்கொண்டு நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஈரம் கூட்டும். குறைக்காது."

"ஆமா சார்."

"அப்ப 17 இருக்கட்டும். தீசிஸுக்குக் கூடுதல் அவகாசம் நான் கேக்குறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடையப் பாத்துப் பிரிக்கலன்னா, இது வேற எதப் பாத்துப் பிரிக்குது?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல." சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.